நட்பும் கணக்கும்

கல்வியை முடித்து வெளியேறும் இளைஞர் மூவர் நால்வர் ஒன்றுகூடி, "நாம் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கினால் என்ன?" என்று பேசிக்கொள்வது எங்கும் காணப்படுவதே. அச்சகம், உணவுச்சாலை, தையற்கூடம், கணினிப் பயிற்சி நிலையம், ஊறுகாயும் பழரசமும் செய்யும் சிறு பட்டறை என்று அவர்தம் கனவுகள் பலவகைப்படும். அக்கனவு வீட்டு முற்றத்தை வந்தடைந்ததும் பெரியோர் முகம் மாறுகின்றது. "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்ற பழமொழியை எடுத்துக் காட்டுகின்றனர். "சிநேகிதம் வேறு, வியாபாரம் வேறு, இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்" என்று அறிவுறுத்துகின்றனர்.

பெரியோரின் அச்சம் ஆதாரமற்றதென்று தள்ளிவிடுதற்கில்லை. "பங்காளி" என்னும் நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பங்கு உடையவன் என்பதே அதன் பொருள். ஆயினும் அச்சொல்லைக் கேட்டதும் நம்மவர் நினைவுக்கு வருவன வேலிச் சண்டையும் காணி வழக்குமே அல்லவா? ஒரே வாங்கில் அமர்ந்து படித்த இருவர், ஒரே கடையில் அமர்ந்து வாணிகஞ் செய்யப் புகுந்து, பின்னர் ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் செல்லாதவராய்ப் பிரிந்த கதை ஊருக்கு ஒன்றேனும் உண்டு. அங்கே அழிந்தது முதல் மட்டுமன்று. முதலை மீண்டும் தேடிக்கொள்ளலாம். இருபது ஆண்டு வளர்ந்த நட்பை எங்கே தேடுவது?

எனினும் இதன் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். சிறு தொழில் தொடங்குவோரிடம் பெரும் பணம் இல்லை. மேற்பார்வை செய்ய அதிகாரி இல்லை. முதல் ஆறு மாதங்களுக்குச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. இந்நிலையில் இரவு பகல் பாராது உடன் உழைக்க வருபவர் யார்? அறிமுகமில்லாத ஒருவர் வரார், நண்பரே வருவர். ஆகவே சிறு தொழிலுக்கு நட்பும் ஒரு மூலதனமே. அதனை விலக்குமாறு கூறுவது, கையிலுள்ள ஒரே முதலையும் கடலில் எறியுமாறு கூறுவதாகும்.

இவ்விரண்டுக்கும் இடையே நாம் கொள்ளும் முடிபு இது: நட்பு தொழிலைத் தொடங்கி வைக்கும், ஆனால் அதனை நிலைநிறுத்துவன, நண்பர் தமக்குள் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சில நெறிகளும் ஒளிவுமறைவற்ற கணக்குமே. கணக்கு நட்புக்குப் பகையன்று, அதற்குக் காவல்.

வள்ளுவர் வைத்த வரிசை

திருக்குறளின் பொருட்பாலில் நட்பைப் பற்றிய ஐந்து அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலாவது, நட்பின் சிறப்பைக் கூறுவது. அதனை அடுத்து வள்ளுவர் உடனே வைத்தது "நட்பாராய்தல்". நட்பை வியந்து முடித்த மறுகணமே, ஆராயாது நட்புக் கொள்ளாதே என்று எச்சரிக்கின்றார். பின்னர்ப் பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என அதிகாரங்கள் தொடர்கின்றன. ஐந்தில் மூன்று, ஆராய்தலையும் விலக்கலையும் பற்றியனவாக இருத்தல் கருதத்தக்கது.

அதற்கும் முன்னர், "தெரிந்து வினையாடல்" என்னும் அதிகாரத்தில், நமக்கு அன்பானவன் என்ற ஒன்றையே கருதி ஒருவனிடம் வேலையை ஒப்படைத்தல் ஆகாது, அவ்வேலையை அறிந்து இடையூறுகளைத் தாங்கிச் செய்து முடிக்க வல்லவனிடமே ஒப்படைத்தல் வேண்டும் என்ற கருத்து வருகின்றது. அரசனுக்குச் சொல்லப்பட்ட இவ்வறிவுரை, நாலுபேர் நடத்தும் அச்சகத்துக்கும் பொருந்துவதே. நண்பன் என்பதற்காக அவனைச் சேர்த்துக்கொள்ளலாம். நண்பன் என்பதற்காகவே கணக்குப் புத்தகத்தை அவனிடம் கொடுத்தல் ஆகாது. அதனைக் கணக்கு அறிந்தவனிடமே கொடுத்தல் வேண்டும்.

ஏழு பெண்களும் எண்பது ரூபாவும்

இக்கொள்கை நடைமுறைக்கு ஒத்துவருமா என்று வினவுவோருக்கு, நம் சமையலறைக்கு மிக அணுக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

இன்று மும்பாய் எனப்படும் பம்பாய் நகரிலே, கிர்காம் என்னும் பகுதியில், 1959ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் திகதி, குஜராத்தி இல்லத்தரசியர் எழுவர் தாம் குடியிருந்த பழைய கட்டிடத்தின் மொட்டைமாடியிற் கூடி அப்பளம் இடத் தொடங்கினர். உயர்ந்த கல்வியோ கைப்பணமோ அவர்களிடம் இருக்கவில்லை. அயலவர் என்ற உறவும், அப்பளம் இடும் கைப்பழக்கமுமே இருந்தன. சகன்லால் கரம்சி பாரேக் என்னும் சமூகத் தொண்டரிடம் எண்பது ரூபாவைக் கடனாகப் பெற்றனர். முதல் நாள் அவர்கள் செய்தது நான்கே பொதிகள். முதலாண்டு முழுவதும் விற்றது 6,196 ரூபாவுக்கு. அம்முயற்சியே இன்று "லிஜ்ஜத்" என்ற பெயரால் அறியப்படும் பெண்கள் நிறுவனம். நாற்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதன் உறுப்பினராயினர். ஆண்டு விற்பனை ஆயிரங் கோடி இந்திய ரூபாவைத் தாண்டியது. அவ்வெழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் என்பாருக்கு இந்திய அரசு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இவ்வளர்ச்சியைக் கண்டு வியப்பதோடு நில்லாமல், அவர்கள் தொடக்கத்திலேயே எவற்றை முடிவுசெய்தனர் என்று பார்த்தலே பயனுடையது.

முதலாவது, நட்டம் வந்தாலும் எவரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று உறுதி பூண்டனர். கடன் வாங்கலாம், தானம் வாங்கலாகாது. இது அறநிலையமன்று, தொழில் என்ற தெளிவு முதல் நாளே அவர்களுக்கு இருந்தது. கணக்கை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டுமென்று கடன் கொடுத்த பெரியவரும் வற்புறுத்தினார்.

இரண்டாவது, பொருளின் தரம். தொடக்கத்தில் நல்லது ஒன்று, மலிவானது ஒன்று என்று இருவகை அப்பளம் செய்தனர். அப்பெரியவரின் அறிவுரைப்படி மலிவான வகையைக் கைவிட்டு, ஒரே தரத்தில் நின்றனர். உடைந்த அப்பளங்களை விற்காது அயலவர்க்குக் கொடுத்தனர். எண்பது ரூபாக் கடனில் நடக்கும் தொழிலில் உடைந்ததை விற்காதிருத்தல் எளிதன்று. அன்று விட்டுக்கொடுக்காத அந்த ஒன்றே பின்னாளில் அவர்தம் பெயருக்கு மதிப்பைத் தேடித் தந்தது.

மூன்றாவது, சமநிலை. உறுப்பினர் ஒவ்வொருவரும் உடைமையாளர். ஒருவரையொருவர் "பென்" அதாவது சகோதரி என்றே அழைப்பர். இலாபமும் நட்டமும் எல்லார்க்கும் பங்கு. முடிவுகள் எல்லோர் இசைவோடும் எடுக்கப்படுதல் வேண்டும். ஆண்கள் சம்பளத்துக்கு வேலை செய்யலாமேயன்றி உறுப்பினராதல் இயலாது.

நான்காவதே நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. உறுப்பினர் பெருகியபின் மொட்டைமாடியில் இடம் போதவில்லை. ஆகவே நிலையத்தில் உழுத்தம்மாவைப் பிசைந்து கொடுக்க, பெண்கள் அதனை வீட்டுக்குக் கொண்டுசென்று அப்பளமாக இட்டு மறுநாள் கொண்டுவரும் முறை ஏற்பட்டது. கொண்டுவந்த அப்பளம் நிறுக்கப்படும், தரம் பார்க்கப்படும், அதற்குரிய கூலி அப்பொழுதே கொடுக்கப்படும். சகோதரி என்று அழைத்த அதே வாய், "இந்த அப்பளம் தடிப்பாக இருக்கின்றது" என்றும் சொல்ல வேண்டியிருந்தது. எல்லார்க்கும் ஒரே தராசு, ஒரே அளவு என்றிருந்தமையால், அச்சொல் குற்றச்சாட்டாகாது நாள்தோறும் நடக்கும் ஒழுங்காயிற்று. தராசு பேசும் இடத்தில் மனிதர் ஒருவரையொருவர் நோகச் செய்ய வேண்டியதில்லை.

இடையூறு வராமலும் இல்லை. முதலாண்டு மழைக்காலத்தில் அப்பளம் உலராமையால் நான்கு மாதம் வேலையே நின்றது. வெறுங் கூலிக்கு வந்தவராயின் கலைந்து போயிருப்பர். இவர்களோ மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினர். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினர். நான்கு மாத வேலையின்மையைத் தாங்கியது நட்பு. அடுத்த மழையை வென்றது யோசனை. இரண்டும் வேண்டும்.

இரு நண்பரும் ஒரு கொட்டகையும்

இனிக் கைத்தொழிலிலிருந்து பொறியியலுக்கு வருவோம். இது பெண்களின் வீட்டுத் தொழிலுக்கு மட்டும் பொருந்தும் நெறியோ என்ற ஐயம் சிலர்க்கு எழக்கூடும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வில்லியம் ஹியூலெற், டேவிட் பக்காட் என்னும் இருவர் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தனர். 1934இல் படிப்பு முடிந்ததும் கொலராடோ மலைகளில் கூடாரமடித்துச் சுற்றித் திரிந்த நாள்களில் அவர்கள் நட்பு இறுகிற்று. அவர்களுடைய பேராசிரியர் பிரெடெரிக் ரேமன் என்பார் தொழில் தொடங்குமாறு ஊக்கினார். 1939 சனவரியில் 538 டொலர் முதலோடு, பாலோ ஆல்ரோ என்ற ஊரில் ஒரு வீட்டின் பின்புறத்திலிருந்த வாகனக் கொட்டகையில் தொழில் ஆரம்பமாயிற்று. யார் பெயர் முதலில் வருவது என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்த்துக்கொண்டனர்.

முதலாண்டு அவர்கள் விற்றது 5,369 டொலருக்கு. இலாபம் 1,563 டொலர். ஒலியைப் பரிசோதிக்கும் மின்கருவியே அவர்தம் முதற் பண்டம். வால்ற் டிஸ்னி நிறுவனம் தன் "பன்ரேசியா" திரைப்படத்தின் ஒலியமைப்புக்காக அவ்வகைக் கருவிகள் எட்டு வாங்கியது. மின்சுற்றுக்களை வகுப்பதில் ஹியூலெற் வல்லவர். உற்பத்தியையும் நிருவாகத்தையும் நடத்துவதில் பக்காட் தேர்ந்தவர். நண்பர் இருவரும் ஒரே திறமை உடையவராயிருப்பின் ஒருவர் மிகையாவர். வேறு வேறு திறமையும் ஒரே நோக்கமும் வாய்த்தமையே அவர்களின் நற்பேறு.

தொழில் பெருகியபோது, இருவர் மனத்திலே மட்டும் இருந்த கொள்கைகள் போதாவென்று கண்டு, 1957இல் அவற்றை எழுத்தில் வகுத்தனர். அவை வெறும் எழுத்தோ என்பதைச் சோதிக்கும் காலம் 1970இல் வந்தது. பொருளாதார மந்தத்தால் கட்டளைகள் குறைந்தன. பத்தில் ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டிய நிலை. அவர்கள் எவரையும் நீக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை எல்லோரும் பத்து வீதச் சம்பளக் குறைப்பை ஏற்று, இரு வாரத்துக்கு ஒரு நாள் வேலையின்றி இருந்தனர். சில மாதங்களில் கட்டளைகள் பெருகவே பழைய நிலை திரும்பியது.

இதன் பிற்பகுதியையும் மறைக்காது கூறுதல் முறை. பக்காட் 1996இலும் ஹியூலெற் 2001இலும் மறைந்தனர். 2002இல் அந்நிறுவனம் கொம்பாக் நிறுவனத்தோடு இணைந்தபோது பல்லாயிரவர் வேலை இழந்தனர். அவ்விணைப்பை ஹியூலெற்றின் மகனே எதிர்த்து நின்றார். ஆயினும் தடுக்க முடியவில்லை. நண்பர் இருவர் கட்டிய நெறி, பின்வந்தோரும் அதனைத் தமதாக ஏற்றாலன்றித் தானே நில்லாது என்பதற்கு இதுவே சான்று.

எதில் ஒருமை வேண்டும்?

"கருத்தொற்றுமை உள்ளவர்களோடு சேருங்கள்" என்று கூறுதல் எளிது. எந்தக் கருத்தில் ஒற்றுமை? ஒரே நடிகரை இரசிப்பதும், ஒரே கட்சிக்கு வாக்களிப்பதும், மாலையில் ஒரே மைதானத்தில் பந்தாடுவதும் தொழிலுக்கு வேண்டிய ஒற்றுமை ஆகா. தொழிலைத் தொடங்குமுன் நண்பர் ஐந்து வினாக்களுக்கு வெவ்வேறாக இருந்து விடை எழுதிப் பின் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று என்பது எம் எண்ணம்.

இலாபம் வந்தால் முதலில் எதற்கு? வீட்டுக்கு எடுப்பதற்கா, தொழிலில் மீண்டும் இடுவதற்கா?

பழுதுபட்ட பொருளை வாங்குபவர் அறியாதவாறு விற்கலாமா?

ஒருவர் நாளுக்குப் பத்து மணித்தியாலமும் மற்றவர் நான்கு மணித்தியாலமும் உழைத்தால் பங்கு எவ்வாறு?

நட்டம் வந்தால் எவ்வளவு காலம் பொறுப்பது?

ஒருவர் விலக விரும்பினால் அவர் பங்கை எவ்வாறு மதிப்பிட்டு, எத்தனை தவணையில் கொடுப்பது?

விடைகள் பெரிதும் ஒத்திருப்பின் தொழிலுக்கு அடித்தளம் உண்டு. சிறிது வேறுபடின் பேசித் தீர்க்கலாம். இரண்டாம் வினாவுக்கு விடை வேறுபடின், நண்பராகவே இருந்துகொள்க, பங்காளராக வேண்டா. ஏனெனில் பணத்தைப் பற்றிய கருத்து அனுபவத்தால் மாறக்கூடும். நேர்மையைப் பற்றிய கருத்து எளிதில் மாறுவதில்லை.

எழுத்தில் இருக்கட்டும்

"நமக்குள் எழுத்து எதற்கு?" என்று கேட்பது நம்மவர் இயல்பு. பெருந்தன்மையான கேள்விபோலத் தோன்றினும், பெரும்பாலான பிணக்குகளுக்கு வித்து இதுவே. ஏழாண்டு கழிந்தபின் இருவரும் பொய் சொல்லாமலே இருவேறு கதை சொல்வர். மறதியின் தன்மை அது.

நம் நாட்டுச் சட்டமும் இதனை உணர்ந்தே இருக்கின்றது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமையை நிறுவும் உடன்படிக்கை எழுத்தில் அமைந்து கையொப்பமிடப்படுதல் வேண்டும். ஆயிரம் ரூபாவுக்கு இன்று எந்தத் தொழிலைத் தொடங்கலாம்? ஆகவே அனைவருக்கும் எழுத்து வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். மேலும், பங்கு வீதம் இன்னதென்று வகுக்காதவிடத்து இலாபமும் நட்டமும் சமமாகவே பகிரப்படும் என்பது பங்குடைமைச் சட்டத்தின் பொதுவிதி. ஐந்து இலட்சம் இட்டவரும் ஐம்பதாயிரம் இட்டவரும் இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம். ஒரு பங்காளர் தொழிலின் பொருட்டுப் பட்ட கடனுக்கு மற்றவரும் தம் சொந்தச் சொத்தினால் பொறுப்பாவர் என்பதையும் மறத்தலாகாது. நண்பரின் கையொப்பம் நம் வீட்டு வாசல்வரை வரும் வலியுடையது.

எழுத்தோடு அன்றாட ஒழுங்குகளும் சில வேண்டும். வங்கிக் கணக்குக்கு இருவர் கையொப்பம். மாதத்தில் குறித்த ஒரு நாளில் எல்லோரும் கூடிக் கணக்குப் பார்த்தல். பெட்டியிலிருந்து ஐம்பது ரூபா எடுத்தாலும் துண்டில் எழுதி வைத்தல். உழைப்புக்குரிய சம்பளத்தையும் முதலுக்குரிய இலாபத்தையும் வேறாக்குதல். இவை அற்பமெனத் தோன்றலாம். நம் தாய்மார் பிடிக்கும் சீட்டை நோக்குங்கள். அவர்களுக்குள் நட்பு இல்லாமலா சீட்டுப் பிடிக்கின்றனர்? ஆயினும் தொகை, திகதி, எடுக்கும் முறை யாவும் முன்னரே தீர்மானிக்கப்பட்டவை. தாச்சி தன் சகோதரியாயினும் திகதி திகதியே. அவ்வொழுங்கு இருப்பதனாலேதான் சீட்டு முடிந்த பின்னும் அவர்கள் ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் அமர்ந்து பேசுகின்றனர்.

வட்டம் விரியட்டும்

நட்பாற் கட்டிய தொழிலுக்குரிய குறை ஒன்றையும் சொல்லாதொழிதல் தகாது. நண்பர் கூட்டம் நாளடைவில் தம்முள் தாமே பேசி, தம்முள் தாமே சிரித்து, புதிதாய் வருபவரை வாயிலிலேயே நிறுத்திவிடும். ஒரே ஊர், ஒரே பாடசாலை, ஒரே உறவு என்று வட்டம் சுருங்கின், திறமையுள்ள பிறர் அணுகார். தவற்றைச் சுட்டிக்காட்டவும் ஒருவர் இரார். பம்பாய்ப் பெண்கள் எழுவரும் தம் எழுவர் நட்பையே பேணி அமைந்திருந்தால் நான்கு பொதிகளோடு நின்றிருப்பர். மூன்றே மாதத்தில் அவர்கள் இருபத்தைவராயினர். புதியவருக்கு எழுவரின் பழைய நட்பில் பங்கு இல்லை. ஆனால் எழுவரின் நெறியில் முழுப் பங்கு உண்டு. உறுப்பினராகச் சேர்பவர் அந்நெறிகளை ஏற்று உறுதிமொழி எடுத்தே சேர்கின்றார். நட்பைப் பிறருக்குப் பகிர்ந்து கொடுத்தல் அரிது. நெறியைப் பகிர்ந்து கொடுக்கலாம். ஆதலாற்றான் சிறு தொழில் பெருந்தொழிலாவதற்கு நட்பு மட்டும் போதுவதில்லை.

நண்பரோடு தொழில் தொடங்க எண்ணும் மாணவர்க்கு நாம் கூறக்கூடியது இதுவே: நண்பரிடம் கணக்குக் கேட்பது அவமதிப்பன்று, கேளாது மனத்துள் ஐயத்தை வளர்ப்பதே அவமதிப்பு. கேட்கப்படுமுன் கணக்கைக் காட்டுபவனே நண்பருள் சிறந்தவன். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைகள் இத்தகைய எண்ணத்தோடு வரும்போது, வேண்டாமென்று ஒரேயடியாகத் தடுத்துவிடாதீர்கள். ஐந்து வினாக்களையும் கேளுங்கள்; விடைகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்; அத்தாளின் கீழே சாட்சியாக உங்கள் கையொப்பத்தையும் இடுங்கள்.